சாட்சி ஓட்டம்

பச்சை விளக்கு எரிந்ததும் டிரைவிங் மாஸ்டர் கிளட்ச்சை விட்டார். கார் போகவில்லை. பின் டயர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்றிப் புகை கக்கின. பிறகு, மறந்துபோன வேலை நினைவுக்கு வந்தாற்போல், வண்டி ஒரு துள்ளு துள்ளி வலது பக்கம் திரும்பியது. ஓடுதளத்தை விட்டு இறங்கிப் புல்லுக்குள் போய் நின்றது. எங்கிருந்தோ ‘கடகட’வென்று ஒரு சத்தம் கேட்டு ஓய்ந்தது.

“மாஸ்டர் மறுபடியும் மாடு மேய்க்கப் போயிட்டாரு,” என்று மைக்கில் அறிவித்தார் நேரக்காப்பாளர்.

ஓடுதளம் என்றால் நிஜமாகவே ஓடுதளம். விமானங்கள் மறந்துவிட்டுப் போன பழைய ஒற்றைப் பட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கிளப் ஒன்று அதை வாடகைக்கு எடுத்து நேர்கோட்டுப் பந்தயம் நடத்தியது. வளைவு கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைல் தூரம் நேராகப் போக வேண்டும். அவ்வளவுதான். அந்த ‘நேராக’தான் மாஸ்டருக்கு வரவில்லை.

இத்தனைக்கும் வார நாட்களில் அவர் வேலையே அதுதான். டிரைவிங் ஸ்கூலின் சின்ன வெள்ளைக் காரில், கை நடுங்கும் மனிதர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “நேரா போங்க, நேரா போங்க” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவர். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் இன்னொன்றையும் மறக்க மாட்டார்கள். சாவியில் கை வைத்தால் போதும், “கண்ணாடி!” என்று கத்துவார்.

“பின்னாடி யாரு இருக்காங்கன்னு பார்க்காம வண்டியை எடுக்கறவன் டிரைவரே இல்லை. அவன் வெறும் ஆபத்து.”

ஆனால் பந்தயக் காரில் அந்தக் கண்ணாடியை அவரே கழற்றி வீட்டு அலமாரியில் வைத்திருந்தார். எடை குறையும் என்பது காரணம். “நேர்கோட்டுல போறவனுக்குப் பின்னாடி என்ன வேடிக்கை?” என்பார்.

ஒரே ஒரு தடவை அந்தக் கார் நேராகப் போயிருந்தது. பந்தயப் பருவத்தின் தொடக்கத்தில், ஒரு பயிற்சி நாளில். பச்சை விளக்கு எரிந்தது. யாரோ பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது மாதிரி வண்டி புறப்பட்டது. நூல் பிடித்தாற்போல் போய்ச் சேர்ந்தது. டயரில் துளி புகை இல்லை. கடிகாரத்தில் விழுந்த நேரத்தை அந்த வகைக் கார்களில் அதுவரை யாரும் தொட்டதில்லை. மாஸ்டர் காரை எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிறுத்திவிட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் கால் மைல் தூரமும் திரும்பி ஓடிவந்தார். அந்த ஓட்டத்துக்கும் நேரம் குறித்திருக்கலாம் என்று பிறகு கேலி பேசினார்கள்.

நேரக்காப்பாளர் கடிகாரப் பெட்டியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

“மாஸ்டர், உங்களை எனக்குத் தெரியும். உங்க வண்டியையும் தெரியும். இது கடிகாரக் கோளாறு.”

“கோளாறா? இத்தனை பேர் பார்த்தாங்களே!”

“வண்டி போனதைப் பார்த்தாங்க. நேரத்தை யாரு பார்த்தாங்க?”

கிளப்பில் இதற்கு ஒரு விதி இருந்தது. ஒருவர் புதுச் சாதனை காட்டினால், பருவம் முடிவதற்குள் அதற்கு நெருக்கமாக இன்னொரு முறை ஓடிக் காட்ட வேண்டும். முதல் ஓட்டத்துக்கு இரண்டாவது ஓட்டமே சாட்சி. அதனால் அதற்குப் பெயர் சாட்சி ஓட்டம். அதுவரை ஓடுதளத்தின் ஓரத்தில் நட்டிருந்த பெயர்ப்பலகையில் மாஸ்டரின் பெயர் சாக்பீஸால் எழுதப்பட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடப்பட்டது. பெயரைவிடக் கேள்விக்குறி பெரிதாக இருந்தது.

அந்த மகத்தான ஓட்டத்தைப் பார்க்காத ஒரே ஆள் அவருடைய மாமனார். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது அவர் ஓடுதளத்தின் அந்தக் கோடியில், ஒரு மரத்தடியில், முகம் வெளுத்துப்போய்த் தண்ணீர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் தாக்கிவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

“இந்த வெயில்ல அவ்வளவு தூரம் எதுக்குப்பா நடந்தீங்க?” என்று மகள் திட்டினாள். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கார் நேராகப் போகவில்லை. போதாக்குறைக்கு அந்தக் ‘கடகட’ வேறு.

*

மாஸ்டரின் மனைவி தையல்காரி. ஊரார் இடுப்பையெல்லாம் அளந்து துணி வெட்டுகிறவள். வீட்டு ஹாலில் இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு தலையில்லாத பொம்மை. கார் மட்டும் ஷெட்டில் தனியாகச் சொகுசாக இருந்தது.

“சோத்துல நூல் கெடக்குது,” என்றாள் அவள் ஒரு நாள் தட்டைக் காட்டி. “நான் பொறுத்தது போதும். ஒண்ணு பேசி முடிச்சுக்கலாம். இந்தப் பருவம் முடியறதுக்குள்ள அந்த சாட்சியோ கீட்சியோ, அதை ஓடிக் காட்டுங்க. காட்டிட்டா நான் ஆயுசுக்கும் ஹால்லயே தைக்கிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். காட்டலைன்னா வண்டியை வித்துட்டு ஷெட்டை எனக்கு விடுங்க.”

“அது கடிகாரக் கோளாறுன்னு நீயும் நம்பறியா?”

“நான் நம்பறது இருக்கட்டும். உங்க வண்டி நம்பணுமில்ல?”

மாமனார் மூலையில் உட்கார்ந்து பாலில் ஊறிய ரொட்டியைக் கரண்டியால் எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு வாழ்நாளைக் கழித்த ஆகிருதியான மனிதர். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிதான் முதலில் பேசும். சலூன் நாற்காலியிலும் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் குறட்டை விடுவார். ஆனால் ஒரு பெருமை மட்டும் அவருக்கு உண்டு. வீட்டில் அது எல்லோருக்கும் மனப்பாடம்.

“நின்ன எடத்துல தூங்குவேன். ஆனா ஓடற வண்டில இந்தக் கண்ணு ஒரு தடவகூட மூடினதில்ல. சர்வீஸ்லயும் இல்ல, ரிட்டயர் ஆன பொறவும் இல்ல.”

சில மாதங்களாக அந்தப் பெருமையைக்கூட அவர் அதிகம் பேசவில்லை. பல்செட் தொலைந்துபோயிருந்தது. வாய் கொப்பளிக்கும்போது சாக்கடையில் போய்விட்டது என்றார். புதிது செய்ய அளவு கொடுக்கக் கூப்பிட்டால் கிளம்ப மாட்டார்.

“கெடைக்கும். பார்க்கலாம்.”

“சாக்கடையில போனது எப்படிப்பா கெடைக்கும்?”

அவர் ரொட்டியில் கவனமானார்.

*

முதல் யோசனை மாஸ்டருடையதே. எடையைக் குறைத்தால் வேகம் வரும். ஸ்டெப்னியை எடுத்தார், ஜாக்கியை எடுத்தார், கடைசியில் பின்சீட்டையே கழற்றி ஹாலில் கொண்டுவந்து போட்டார்.

“இதுவும் இங்கதானா?” என்றாள் மனைவி.

“மாமா சாய்ஞ்சுக்கலாமே. நல்ல மெத்தை.”

மாமனார் அந்தச் சீட்டை, கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எங்கே வேண்டுமானாலும் தூங்குகிறவர், அதற்குப் பக்கத்திலேயே வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ‘என் கார் சீட்டுன்னா அவ்வளவு எளக்காரமா?’

பின்பக்கம் லேசானதில் அடுத்த ஞாயிறு டயர்கள் முன்னைவிட அதிகமாகச் சுற்றின. புகையில் மாஸ்டரே காணாமல் போனார். “மாஸ்டர், கொசு மருந்து அடிச்சதுக்கு நன்றி,” என்றது மைக்.

அதன் பிறகுதான் அவர் வெல்டரிடம் போனார். வெல்டர் லாரிகளுக்கு அடியில் பாரம் தாங்கும் கமான் பட்டை கட்டுகிறவர். எந்தக் கோளாறையும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். கேட்டு முடிப்பதற்கு முன்னாலும் சொல்லிவிடுவார்.

“வேற ஒண்ணுமில்ல மாஸ்டர். பின்பக்கம் பட்டை தளர்ந்துபோச்சு. எஞ்சின் தள்ளும்போது ஆக்சில் முறுக்கிக்குது. முறுக்கு விட்டதும் டயர் குதிக்குது. பட்டையைக் கெட்டியாக்கிட்டா தீர்ந்துச்சு.”

“அந்தக் கடகட சத்தம்?”

“ரப்பர் புஷ் தேஞ்சு போயிருக்கும். மாத்திடலாம்.”

பட்டையைக் கெட்டியாக்கினார்கள். புஷ்களை மாற்றினார்கள். கார் கட்டை வண்டியாயிற்று. ஓடுதளத்துக்குப் போகும் வழியிலேயே ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மடியிலிருந்த ஊசிப் பெட்டி கொட்டியது. பந்தயத்தில் டயர் தரையைப் பிடிக்காமல் பந்துபோல் குதித்துக் குதித்துப் போயிற்று. கடகட சத்தம் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது.

“இப்போ புரிஞ்சுபோச்சு,” என்றார் வெல்டர், எதுவும் புரியாத குரலில். “பட்டை பிரச்சினையில்ல. ஆக்சிலைப் பிடிச்சு நிறுத்த ஆள் இல்ல. ரெண்டு இரும்புச் சட்டம் வெச்சு சேஸிஸோட கட்டிப்புடலாம். அப்புறம் ஆக்சில் எங்க முறுக்கும்?”

“அப்போ கெட்டியான பட்டை?”

“அதும் இருக்கட்டுமே.”

சட்டங்கள் வந்தன. இப்போது டயர் தரையைப் பிடித்தது, ஆனால் ஒரு டயர்தான் பிடித்தது. இடது பின்சக்கரம் உடும்பாய்ப் பற்றிக்கொள்ள, வலது பின்சக்கரம் காற்றில் கால் ஆட்ட, கார் வலது பக்கம் திரும்பி, ஓரத்தில் வரிசையாக நின்ற பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்று விடாமல் சாய்த்துக்கொண்டு போயிற்று.

“கூம்புக்கு இன்னைக்கு லீவு விட்டாச்சு,” என்றார் நேரக்காப்பாளர். ஒவ்வொரு ஞாயிறும் மைக்கில் விதிகளை வாசிப்பதும் அவர்தான். ஹெல்மெட் கட்டாயம். பெல்ட் கட்டாயம். வண்டிக்குள்ளே கட்டிவைக்காத சாமான் எதுவும் இருக்கக் கூடாது. பயிற்சி நாட்களில் சோதனை கிடையாது; பந்தய நாட்களில் மாஸ்டர் ஒவ்வொரு முறையும் காரின் நான்கு கதவுகளையும் திறந்து காட்டுவார். உள்ளே ஒரு குண்டூசி இருக்காது. விதி என்றால் அவருக்கு உயிர்.

*

வெல்டர் அடுத்த முடிவைச் சொல்வதற்குள் மாஸ்டர் தானே ஒரு முடிவுக்கு வந்தார். சக்கரத்துக்குச் சக்கரம் எடை எப்படி விழுகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் ஏற்றுவது, எந்தப் பக்கம் இறக்குவது என்று தெரியும். நான்கு சக்கரங்களையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருந்தது ஆள் ஏறி நிற்கும் எடைக்கருவி. அது ஒரு சக்கரத்தைத் தாங்காது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். கனத்த பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையைக் கருவி மேலும் வைத்து, செங்கலுக்குப் பக்கமாகச் சக்கரத்தை ஏற்றினால், பாரத்தில் ஒரு பங்கைத்தான் கருவி காட்டும்; பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு சிக்கல். ஓட்டுகிறவர் உள்ளே உட்கார்ந்திருந்தால்தான் கணக்குச் சரிவரும். மாஸ்டர் உள்ளே உட்கார்ந்தால் கருவியைப் பார்ப்பது யார்?

“மாமா, ஒரு நிமிஷம் கார்ல உக்காருங்களேன்.”

மாமனார் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார். “மாட்டேன்.”

“சும்மா உக்காரத்தான். ஸ்டார்ட் பண்ண மாட்டேன்.”

“அப்படித்தான் நெனைச்சுட்டு உக்காருவோம்.” பல் இல்லாத வாயில் சொற்கள் காற்றோடு வந்தன. “அந்த வண்டில நான் கால் வெக்கறதா இல்ல மாப்ளே. என்னை விட்டுடுங்க.”

அவர் போய்விட்டார். மாஸ்டர் பல்லைக் கடித்தார். பெண் கொடுத்தவரை என்ன சொல்ல முடியும்?

மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அதுவரை நல்லபடியாகத்தான் போயிற்று.

“உன் எடை எவ்வளவு?”

“எதுக்கு?”

“என் எடைக்கு எவ்வளவு குறையுதோ அதுக்கு மணல் மூட்டை வெக்கணும்.”

அவள் கொஞ்சம் யோசித்து ஒரு எண்ணைச் சொன்னாள். கல்யாணத்தின்போது அவளுடைய எடை அது. கருவி காலடியிலேயே கிடந்தது. அதில் ஏறி நில் என்று சொல்லும் துணிச்சல் இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் மாஸ்டருக்கு வந்திருக்கவில்லை. அவள் சொன்ன எண்ணை நம்பி, மீதிக்கு அவள் மடியில் மணல் மூட்டைகளை அடுக்கினார்.

“நசுங்குதுங்க!”

“அசையாத. கணக்கு மாறிடும்.”

கணக்கு வந்தது. ஓட்டுநர் இருக்கும் வலது பக்கத்தில் எடை எக்கச்சக்கம்! மாஸ்டர் துள்ளிக் குதித்தார். “வலது பக்கம் பாரம் ஜாஸ்தி. அதான் வலது பக்கம் இழுக்குது. இத்தனை நாளா கண்ணுக்கு முன்னாடி இருந்திருக்கு!”

வெல்டரும் “அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார். இருவரும் சேர்ந்து வலது பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி, பாரம் இடது பக்கம் சாயும்படி மாற்றிக் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பச்சை விளக்கு எரிந்ததும் கார் தயங்கவே இல்லை. வலது பக்கம் திரும்பி, புல்லைக் கடந்து, நேராக, ஆம், அப்போது மட்டும் மிக நேராக, பெயர்ப்பலகையை நோக்கிப் போயிற்று. மாஸ்டர் பிரேக்கில் ஏறி நின்றார். கடகடவென்று சத்தம். பம்பர் பலகையைத் தொட்டது. பலகை ஒரு கணம் யோசித்துவிட்டு மல்லாக்கச் சாய்ந்தது.

மைக் இரண்டு முறை கரகரத்தது.

“பேரை அழிக்கணும்னா சொல்லியிருக்கலாமே மாஸ்டர். இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.”

*

வீடு திரும்பியதும் மாஸ்டர் எடைக்கருவியை எடுத்து ஹால் நடுவில் வைத்தார்.

“என்னது?” என்றாள் மனைவி.

“ஏறு.”

“மாட்டேன்.”

“நீ சொன்ன எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் நான் பலகைல முட்டினேன். நீ கனம் ஜாஸ்தி. உன் கனம் வலது பக்கத்துக் கணக்குல ஏறிடுச்சு. இல்லாத பாரத்தை நான் இருக்கறதா நெனைச்சு இறக்கிட்டேன்!”

“ஓஹோ. டயர் சுத்தினா பட்டை காரணம். பட்டை சரியா இருந்தா சட்டம் காரணம். இப்போ நான் காரணமா? வீட்டுல இருக்கற இரும்பெல்லாம் தீர்ந்துபோய் பொண்டாட்டிகிட்ட வந்துட்டீங்களா?”

“ஒரு தடவ ஏறினா உண்மை தெரிஞ்சுடும்.”

“ஏறமாட்டேன். உண்மை ஏற்கெனவே தெரியும். கடைசி ஞாயித்துக்கிழமை வருது. திங்கட்கிழமை என் மிஷின் ஷெட்டுக்குப் போகுது.”

மறுநாள் டிரைவிங் ஸ்கூலில் ஓர் அம்மாள், வங்கியில் வேலை பார்ப்பவர், கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை நகர்த்தினார். மாஸ்டர் “கண்ணாடி!” என்று கத்திய கத்தலில் அவர் வண்டியை அணைத்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

“கோச்சுக்காதீங்கம்மா,” என்றார் மாஸ்டர், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. “என் வண்டிக்கும் எனக்கும் சண்டை.”

“எப்பவாவது ஒரு தடவ நல்லா ஓடிச்சா சார்?” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார் அந்த அம்மாள்.

“ஓடிச்சு.”

“அப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சுடுங்களேன்.”

மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் யாரும் சொல்லாத யோசனை.

அன்று மாலையே வேலை தொடங்கியது. கெட்டியாக்கிய பட்டை போயிற்று. பழைய பட்டை வந்தது. சட்டங்கள் கழன்றன. வெல்டர் தன் கைவேலையைத் தானே அறுக்க வேண்டிய வருத்தத்தில், “கடகட சத்தத்தை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க மாஸ்டர். அதைக் கண்டுபிடிக்காம நான் சாக மாட்டேன்,” என்றார். ஸ்டெப்னி டிக்கிக்குத் திரும்பியது, ஜாக்கி திரும்பியது, பின்சீட்டும் ஹாலிலிருந்து ஊர்வலமாகத் திரும்பியது. டயரில் அன்றைக்கு இருந்த அதே காற்று. அன்றைக்கு அணிந்திருந்த அதே சட்டை. அக்குளில் கிழிந்திருந்ததை மனைவியே தைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு இருந்தது எதுவும் இன்றைக்கு இல்லாமல் இருக்கக் கூடாது என்று மாஸ்டர் விரல் விட்டுச் சரிபார்த்தார்.

“மாமா, பின்சீட்டு போட்டாச்சு. வாங்க, சேர்ந்தே போகலாம்.”

“நான் பஸ்ல வர்றேன்,” என்றார் மாமனார்.

*

கடைசி ஞாயிறு. கிளப்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பலகையை மறுபடி நட்டுவைத்திருந்தார்கள், இம்முறை இன்னும் சற்றுத் தள்ளி.

பச்சை விளக்கு எரிந்தது.

பின் டயர்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. புகை. துள்ளல். வலது பக்கம். புல். கடகட.

மைக் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. காரை மெதுவாக ஓட்டிவந்து பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இறங்கிப் புல்லில் உட்கார்ந்தார். மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். திங்கட்கிழமையைப் பற்றி அவள் பேசவில்லை. அவர் சட்டையில் தான் போட்ட தையல் பிரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

நேரக்காப்பாளர் ஈரத் துணியோடு வந்தார்.

“மாஸ்டர், விதி விதிதானே? தப்பா நெனைக்காதீங்க.”

“அழிச்சுடுங்க,” என்றார் மாஸ்டர். “பட்டை மாத்தினேன், சட்டம் கட்டினேன், பொண்டாட்டியை நிறுத்துப் பார்த்தேன். எல்லாத்தையும் பழையபடி வெச்சும் பார்த்துட்டேன். அன்னைக்கு இருந்த மாதிரியே எல்லாம் இருக்கு. ஆனா ஓடல. அப்போ நீங்க சொன்னதுதான் சரி. அது கடிகாரக் கோளாறு. அப்படி ஒரு ஓட்டம் நடக்கவே இல்லை.”

சற்றுத் தள்ளி மரத்தடியில் நின்றிருந்த மாமனார் இரண்டடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“கெடைச்சுடுச்சு!”

காருக்குள்ளிருந்து வெல்டரின் குரல். யாரும் கேட்காமலே அவர் ஸ்பானரோடு உள்ளே புகுந்து ஓட்டுநர் சீட்டைக் கழற்றியிருந்தார். “சத்தம் பின்னாடி இல்ல மாஸ்டர்! உங்க சீட்டுக்கு அடியில! சீட்டு முன்ன பின்ன ஓடற தண்டவாளம் இருக்கில்ல, அதுக்குள்ள மாட்டிக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியிருக்கு. பிரேக் போட்டப்போ பின்னாடியிருந்து உருண்டு வந்திருக்கணும்…”

கையை விரித்துக் காட்டினார். கிரீஸும் தூசியும் அப்பிய ஒரு பல்செட்.

 நேரக்காப்பாளர் துணியைப் பலகையில் வைத்தவர் அப்படியே நின்றார்.

“வண்டிக்குள்ள கட்டிவைக்காத சாமான்,” என்றார் பழக்க தோஷத்தில்.

மாஸ்டரின் மனைவி பல்செட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். “சாக்கடையில போச்சுன்னீங்களேப்பா?”

மாமனார் நடந்துவந்தார். அவசரமில்லாமல் வெல்டரின் கையிலிருந்து பல்செட்டை எடுத்தார். நேரக்காப்பாளரிடமிருந்த ஈரத் துணியை வாங்கி, கிரீஸ் போக அழுத்தித் துடைத்தார்.

“அந்தப் பேரை அழிக்காதீங்க,” என்றார். “அந்த ஓட்டம் நடந்துச்சு.”

“நீங்கதான் அதைப் பார்க்கவே இல்லையே ஐயா? ஓடுதளத்துக்கு அந்தக் கோடியில இல்ல உக்காந்திருந்தீங்க?” என்றார் நேரக்காப்பாளர்.

மாமனார் பல்செட்டை வாயில் பொருத்தி, இரண்டு முறை கடித்துப் பார்த்து, ஆயுள் முழுக்கக் காத்த தன் பெருமையைக் கடைசியாக ஒரு தடவை நினைத்துப் பார்ப்பவர்போல் நின்றார். பிறகு மருமகனைப் பார்த்து, மாதக்கணக்கில் யாரும் கேட்டிராத கணீரென்ற குரலில் சொன்னார்:

“மாப்ளே, இனிமேலாவது வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, பின்சீட்டுல யாராவது தூங்கறாங்களான்னு ஒரு தடவ திரும்பிப் பாருங்க.”